புடலங்காய்க் கல்லும் மூன்று விரல்களும்

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் நிற்பது தகர வேலி. மீள்குடியேறி வந்த புதிதில் கொட்டில் போடத் தந்த தகரங்கள், கல்வீடு வந்ததும் வேலிக்கு இறங்கிவிட்டன. அதில் ஓரிடத்தில் இரண்டு தகரங்கள் சரியாகச் சேரவில்லை. ஒரு கை போய்வரலாம். அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தல். பந்தலில் புடலங்காய். இவ்வளவையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தது கடவுள். எல்லாப் பழியையும் என் தலையில் போடக் கூடாது.

பந்தல்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் ஆட்கள் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்தவர்கள். அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளை நேரில் தங்கச்சி என்பேன், முதுகுக்குப் பின்னால் பந்தல்காரி என்பேன். கேட்டால் ஒன்றல்ல, நாலு காய் பிடுங்கித் தருவாள். அதுதான் குறை. கேட்டு வாங்கின புடலங்காய்க்கு அவ்வளவு ருசி வராது.

புடலங்காயை அதன் போக்கில் விட்டால் பாம்பு மாதிரிச் சுருண்டுகொள்ளும். அதனால் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். பாரத்துக்குக் காய் நேராக இறங்கும். ஊரில் எல்லோரும் கையில் அகப்பட்ட கல்லை அகப்பட்ட கயிற்றில் கட்டுவார்கள். பந்தல்காரி அப்படியில்லை. வாய்க்கால் கரையில் உருண்டைக் கல்லாகப் பொறுக்கி, பழைய சேலைக் கரையை நாடாவாகக் கிழித்து, முடிச்சின் மேலே முயல் காது மாதிரி இரண்டு நுனி நிற்கக் கட்டுவாள். காதில் தோடு போட்ட மாதிரித் தொங்கும் அவளுடைய காய்கள்.

ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் மத்தியானம். மகள் கூழுக்கு மா இடித்துக்கொண்டிருந்தாள். நான் வேலிக்குப் போய் இடைவெளிக்குள் வலது கையை விட்டேன். நல்ல காய், நுனிப்பக்கம் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்து நாய் குரைத்தது. வெடுக்கென்று இழுத்தேன். காய் அங்கேயே நின்றுவிட்டது. கல்லு மட்டும் கழன்று கையோடு வந்தது. கூடவே தகரத்தின் விளிம்பு உள்ளங்கையின் அடியை ஒரு கோடாகக் கிழித்துவிட்டது.

கத்தினேன். கத்தியபடியே ஓடினேன். குசினி வாசலுக்கு வரும்போதே பொய் தயாராகிவிட்டது. வாழ்க்கையில் என் பொய் என்னைக் காத்திருக்க வைத்ததில்லை.

"பூசணிக்காய் வெட்டேக்க கத்தி வழுக்கிட்டுது பிள்ளை!"

வாசல் படலையால் முதலில் ஓடிவந்தவள் பந்தல்காரிதான். தலைத் துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றி இறுக்கினாள். "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அவளுடைய முகம்தான் வெளிறியது.

வடக்கே யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆனையிறவுத் தாம்போதியில், உப்பளங்களைக் கடந்து போகும்போது உப்புக் காற்று வந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் என்னுடையவை அல்ல என்பது போல மடியில் கிடந்தன.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் என் பேரன் வயதுப் பிள்ளை. கண்ணாடிக்குள்ளால் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத நூலால் நரம்பைத் தைத்தாராம். அடுத்த நாள் கட்டிலருகே வந்து கேட்டார்.

"அம்மா, எப்பிடி வெட்டுப்பட்டது?"

"பூசணிக்காய் வெட்டேக்க தம்பி."

"வலது கையில காயம். அப்ப கத்தி எந்தக் கையில இருந்தது?"

இப்படியொரு கேள்வி வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நான் ரெண்டு கையாலயும் வெட்டுவன் தம்பி. பூசணிக்காய் பெரிசு."

அவர் என் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். பிறகு அவர் விளக்கம் சொன்னார். நரம்பின் உறையைத்தான் அவர் தைத்திருக்கிறாராம். வெட்டுக்கு அப்பால் விரல் பக்கம் இருந்த பழைய இழைகள் உக்கிப்போய்விடும், வெறும் குழாய்தான் மிஞ்சும். வெட்டுக்கு இப்பால் இருந்து புது நுனி முளைத்து, அந்தக் குழாய்க்குள்ளால் தடவித் தடவி விரல் நுனி வரைக்கும் போக வேண்டும்.

"எவ்வளவு வேகம் போகும்?"

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்."

"அது எவ்வளவு தம்பி?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டி ஏதோ அளந்தார். எனக்கு விளங்கியது ஒரு எள்ளின் தடிப்பு. நாளைக்கு ஒரு எள்ளு. என் கையின் நீளத்தைப் பார்த்தேன். எனக்கு மிச்சமிருக்கிற வயதைப் பார்த்தேன்.

"போய்ச் சேருமோ?"

"இந்த வயசில சிலருக்கு முழுசா வரும், சிலருக்கு வராது. சேரும் எண்டு நினைச்சுப் பயிற்சி செய்யுங்கோ."

அன்றைக்கு மத்தியானம் பந்தல்காரி பஸ்ஸில் கொடுத்துவிட்ட சோற்றுப் பார்சல் வந்தது. சோறும் புடலங்காய்ப் பால்கறியும். இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டேன். மகளிடம் சொன்னேன், "ஆனையிறவைத் தாண்டி வந்த கறி. அப்பிடியிருந்தும் உப்புக் காணாது."

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை, குசினியில் ஏதோ கருகுகிற மணம் வந்தது. கருவாடு என்று நினைத்து மூடியைத் திறந்து பார்த்தேன். கருவாடு இல்லை. என் சுட்டுவிரல். சுடுகிற சட்டியில் விரலை வைத்துக்கொண்டு நான் கதை கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் அன்றைக்கே சட்டம் போட்டாள்.

"விரல் உணர்ந்தாத்தான் இனிக் குசினி. அதுவரைக்கும் நீங்கள் வாசல் படியைத் தாண்டப்படாது."

எனக்கு விரல் இல்லாததை விட இதுதான் பெரிய அடி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் இந்த மூன்று விரலிலும்தான் இருந்தது. வறுத்த மாவில் கொதிதண்ணீர் விட்டுப் பிட்டுக்குக் குழைக்கும்போது, இனி ஒரு சொட்டும் கூடாது என்று விரல்தான் சொல்லும். கண் சொல்லாது. மகளுடைய பிட்டை நான் குறை சொல்லவில்லை. வீடு கட்டுகிறவர்கள் கண்டால் கல்லென்று தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

சும்மா இருந்தால் மூளை வேலை செய்யும். படியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. முற்றத்தில் மூன்று சின்னக் கற்களைப் பொறுக்கி, இடது கையாலும் பல்லாலும் நூலைக் கட்டி, மூன்று விரல் நுனியிலும் தொங்கவிட்டேன். கையைக் கதிரையின் கைப்பிடிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டேன். பார்க்க நல்ல பந்தலாகத்தான் இருந்தது.

அந்தக் கோலத்தில்தான் பேத்தி என்னைக் கண்டாள். கம்பஸில் விஞ்ஞானம் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மம்மா, என்ன இது?"

"கல்லு."

"அது தெரியுது. ஏன் விரலில?"

"நரம்பு நேரா இறங்கத்தான். டொக்டர் தம்பி நாளைக்கு ஒரு எள்ளு எண்டார். கல்லுக் கட்டினா ரெண்டு எள்ளு வளராதோ?"

பை கீழே விழுந்தது. பிள்ளை சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் மாமரத்துக்கு ஏறிவிட்டன. சத்தம் கேட்டுப் பந்தல்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, பொடலங்காய்க்குக் கட்டுறத வெரலுக்குக் கட்டியிருக்கீங்க? கல்லு எங்க கெடைச்சிச்சு?"

"முத்தத்தில கிடந்தது."

"ஆமா ஆமா, ஒங்க முத்தத்துல கல்லு கெடக்கும்தான்."

அவளுடைய சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது. நான் அதைக் கவனித்தேன். கவனிக்காதவள் போல நூலை அவிழ்த்தேன்.

பேத்தி என்னை எழுப்பி, பந்தல்காரி வளவுக்கே கூட்டிப்போனாள். பழைய கொடியைப் பிடுங்கிவிட்ட இடத்தில் புதுக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. நான் வேலியின் அந்த மூலையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"அம்மம்மா, காய் கீழ தொங்குறது. அதுக்குக் கல்லுக் கட்டலாம். நரம்பு காய் இல்லை, கொடி. கொடிக்குக் கல்லுக் கட்டுவியளோ?"

"கொடிக்குக் கட்டினா அறுந்து போம். கயிறு காட்டி விடுவம்."

"அதுதான். இஞ்ச பாருங்கோ."

கொடியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த சுருள் ஒன்றைக் காட்டினாள். நூல் மாதிரி மெல்லியது. காற்றில் அங்குமிங்கும் தடவிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று பந்தல் கயிற்றைத் தொட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது.

"நரம்பின்ர நுனியும் இப்பிடித்தான். அதில சின்னக் கை மாதிரி ஒண்டு இருக்கு. அதுக்கும் விரல் இருக்கு. நீட்டும், தடவும், மடக்கும்."

"அந்த விரலுக்கு உணர்வு இருக்கோ?"

"இருக்கு."

"குடுத்து வைச்சது."

"கேளுங்கோவன். அந்த விரலின்ர தோலில ஒட்டிப் பிடிக்கிற மூலக்கூறுகள் இருக்கு, கொளுக்கி மாதிரி. வழியில இருக்கிற உடம்புக் கலங்களிலயும் அதுக்குப் பொருந்தின கொளுக்கி இருக்கு. ரெண்டும் கொளுவினா நுனிக்குக் கால் ஊண்ட இடம் கிடைக்கும். கொளுவ ஒண்டும் இல்லாட்டி அந்தரத்தில நிண்டு தடவும்."

"சரி, கொளுவியாச்சு. பிறகென்ன, போகவேண்டியதுதானே."

"கொளுவினது மட்டும் காணாது. கொளுவின செய்தி நுனிக்கு உள்ளுக்குப் போகவேணும். அதுக்குத்தான் நொதியம்."

"அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிறமே, அந்தச் சாமானோ?"

"அதுவும் நொதியத்தின்ர வேலைதான். இது வேற ஆள், செய்தி கொண்டு போறவர். ஒரு நொதியம் அடுத்த நொதியத்தில ஒரு பொஸ்பேற்றைக் கொண்டுபோய் ஒட்டும். ஒட்டினவுடன அது முழிக்கும். அது எழும்பி அடுத்ததில ஒட்டும்."

"பொஸ்பேற்றோ? வயலுக்குப் போடுறமே, அந்தப் பசளையோ?"

"கிட்டத்தட்ட அதே குடும்பம்தான்."

இது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. வயலுக்குப் பசளை எடுக்க நாங்கள் வரிசையில் நின்ற காலமெல்லாம் என் கைக்குள் மட்டும் வரிசையில்லாமல் பங்கீடு நடந்திருக்கிறது. ஆனால் மற்றது விளங்கவில்லை. வெளியே கொளுவினதுக்கு உள்ளே இருக்கிறவர்கள் ஏன் எழும்ப வேண்டும்? என்னை முந்திக்கொண்டு பந்தல்காரி விளங்கிக்கொண்டாள்.

"அக்கா, எங்க படலையில யாராச்சும் கை வச்சா நாயி கொலைக்கும். நாயி கொலைச்சா மருமக எட்டிப் பாப்பா. மருமக பாத்தா கேத்தல் அடுப்புல ஏறும். வந்தவங்க குசினிப் பக்கமே வரல்ல. ஆனா உள்ளுக்குத் தேத்தண்ணி கொதிக்குது. அதானே பாப்பா?"

பேத்தி கை தட்டினாள். "அதேதான்! படலையில கை வைக்கிறது ஒட்டிப் பிடிக்கிற மூலக்கூறு. நாயும் மருமகளும் நொதியங்கள். கடைசியில நுனிக்குள்ள பந்தல் மாதிரிச் சட்டம் கட்டுற வேலை தொடங்கும். எந்தப் பக்கம் கை கொளுவினதோ அந்தப் பக்கம் நுனி ஒரு அடி முன்னுக்குப் போகும்."

"அப்ப ஒருத்தரும் நிப்பாட்டாட்டி நாள் முழுக்கத் தேத்தண்ணிதானோ?" என்று கேட்டேன்.

"ஒட்டின பொஸ்பேற்றைக் கழட்டுற நொதியமும் இருக்கு. அது வந்து அடுப்பை நூர்த்துப்போடும்."

"விளங்குது. உன்ர அம்மா."

"சில இடத்தில வராதே எண்டு சொல்லுற மூலக்கூறும் இருக்கு. நுனி அதைத் தொட்டவுடன கையை மடக்கிக்கொண்டு வேற பக்கம் திரும்பிடும்."

பந்தல்காரி தன் நாயின் தலையைத் தடவினாள். "அப்பிடி ஒண்ணு எல்லா வேலியிலயும் இருந்தா நல்லதுதான். இது ஆடிப்பெறப்புக்கு மொத நாளும் கொலைச்சிச்சு. நான் எந்திரிக்கல்ல."

எனக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் வந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் நரம்பை ஒரு ஆளாகவே நினைக்கத் தொடங்கினேன். கிளினிக்கில் டொக்டர் தம்பி உள்ளங்கையை மெல்லத் தட்டிக்கொண்டு போவார். ஓரிடத்தில் தட்டும்போது விரல் நுனி வரை விர்ரென்று எறும்பு ஓடும். நுனி இப்போது அங்கேதான் நிற்கிறது என்று அர்த்தம். அவர் பேனையால் ஒரு கோடு போடுவார். வீட்டில் பேத்தி போட்டாள். பேத்தி கம்பஸுக்குப் போன பிறகு பந்தல்காரி வந்து தட்டிக் கோடு போட்டாள். ஆளாளுக்குப் போட்டதில் என் கை ரோட்டுப் படம் மாதிரி ஆகிவிட்டது.

ரோட்டென்றால் பெயர் வேண்டாமா? ஆஸ்பத்திரிக்குப் போன ரோட்டின் பெயர்களையே வைத்தேன். வெட்டுப்பட்ட இடம் கிளிநொச்சி. உள்ளங்கை நடுவில், நரம்பு விரல்களுக்குப் பிரிகிற இடம் பரந்தன் சந்தி. விரலின் அடி ஆனையிறவு. நடு மடிப்பு பளை. நகம் இருக்கிற நுனி யாழ்ப்பாணம். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஆட்கள் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டார்கள்.

"எணை, பஸ் இப்ப எங்க நிக்குது?"

"பரந்தனில. ஆக்களை ஏத்துது."

ஒரு கிழமை கழித்து, "இன்னும் பரந்தனோ?"

"டிரைவர் தேத்தண்ணி குடிக்கிறார்."

பகிடி விட்டேனே தவிர, அந்தக் கிழமைகளில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோடு நகரவில்லை. பந்தல்காரி தட்டத் தட்ட எறும்பு அதே இடத்தில்தான் ஓடியது. புரட்டாதிச் சனி ஒன்றில் படியில் இருந்துகொண்டு, குசினிக்குள் மகள் பிட்டுக் குழைப்பதைப் பார்த்தேன். தண்ணீர் கூடிவிட்டது என்று இங்கிருந்தே தெரிந்தது. சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என் வாய் ஒன்றைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை என்று மகள் பிறகு சொன்னாள்.

"அக்கா, எங்கையாவது கொளுக்கி தேடிக்கிட்டு நிக்கும். அம்புட்டுத்தான்" என்றாள் பந்தல்காரி. சொல்லிவிட்டு ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். பயறு, மணல், பஞ்சு, சோளக்கொட்டை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் துழாவச் சொல்லித் தருகிற பயிற்சி, டொக்டர் சொன்னதுதான். நான் சோம்பலில் விட்டிருந்தேன். அவள் விடவில்லை. பின்னேரம் நாலு மணியென்றால் தட்டோடு படலையில் நிற்பாள். நாய் குரைக்கும். மகள் கேத்தலை வைப்பாள்.

ஐப்பசி மழையோடு பஸ் வெளிக்கிட்டது. ஆனையிறவைத் தாண்டிய அன்றைக்கு நான் ஊருக்கே சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் வழியில் ஒரு குழப்படி நடந்திருந்தது. பெருவிரலில் நுளம்பு கடித்தது. நான் நடுவிரலைச் சொறிந்தேன். கடி தீரவில்லை. மீண்டும் கடித்தது. மீண்டும் நடுவிரலையே சொறிந்தேன். நுளம்பு ஆறுதலாக இருந்து குடித்துவிட்டுப் போனது.

தொலைபேசியில் பேத்தியைக் கேட்டேன்.

"சில இழைகள் பிழையான குழாய்க்குள்ள பூந்திருக்கும் அம்மம்மா. யாழ்ப்பாணம் போக வேண்டியது பரந்தனில முல்லைத்தீவுப் பக்கம் திரும்பியிருக்கு."

"இனி என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யேலாது. ஆனா மூளை பழகிடும். தொட்டுத் தொட்டுச் சொல்லிக் குடுங்கோ."

அதனால் ஒரு மாதம் முழுக்கப் பெருவிரலைத் தொட்டு, "இது பெருவிரல், நடுவிரல் இல்லை" என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். எழுபது வயதில் ஒரு வாத்தியார் வேலையும் பார்த்தாகிவிட்டது. பிள்ளையோ என்னைப் போலத்தான், படிப்பு ஏறவில்லை. மெல்ல மெல்ல ஏறியது.

மார்கழியில் பேத்தி மறுபடி வந்தாள். வந்த கையோடு நான் குசினி வழக்கை எடுத்தேன். மகள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சரி அம்மா. கண்ணைக் கட்டி அஞ்சு சாமான் தருவம். அஞ்சையும் சரியாச் சொன்னா குசினி உங்களுக்கு. ஒண்டு பிழைச்சாலும் சித்திரை வரைக்கும் வாசல் படிதான்."

"எழுதித் தா."

"அம்மா!"

வெம்பாப் பனிமூட்டம் விலகிய ஒரு விடியற்காலை, விறாந்தைக் கதிரையில் என்னை இருத்தி, பேத்தி தன் சால்வையால் கண்ணைக் கட்டினாள். நாலு சாமான் மகள் தருவதென்றும், ஐந்தாவது பந்தல்காரி தருவதென்றும் பேச்சு.

முதலாவது வந்ததும் சொன்னேன், "சிரட்டைத் துண்டு." இரண்டாவது, "சட்டைப் பொத்தான். நாலு கண். ஒரு கண் உடைஞ்சது." மகள் மூச்சை இழுத்தது கேட்டது. மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைத்தது, நடுவிரலும் பெருவிரலும் சண்டை பிடித்தன. "புளியங்கொட்டை." நாலாவது, "செத்தல் மிளகாய். மணந்து சொல்லேல்லை, காம்பைப் பிடிச்சுத்தான் சொன்னனான்."

"இனி நீங்க" என்றாள் மகள்.

பந்தல்காரி என் முன்னால் வந்து குந்தியது தெரிந்தது. உள்ளங்கையில் ஒன்றை வைத்து, என் மூன்று விரலையும் அவளே அதன் மேல் மடித்துவிட்டாள்.

உருண்டை. வழுவழுப்பு. குளிர்ச்சி. கல்லு. சொல்ல வாயெடுத்தேன். அப்போது பெருவிரல் ஒரு நாடாவைத் தொட்டது. சேலைக் கரையின் நெருக்கமான இழை. சுட்டுவிரல் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. முடிச்சு. முடிச்சுக்கு மேலே, முயல் காது மாதிரி, இரண்டு நுனி.

வேலிக்கு அப்பால் நாய் ஒருதரம் குரைத்தது, வேண்டுமென்றே குரைத்த மாதிரி இருந்தது.

ஆறு மாதமாக இதை வைத்திருந்திருக்கிறாள். நான் ஓடும்போது வழியில் போட்டதை, பின்னால் ஓடிவந்தவள் எடுத்திருக்கிறாள். கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்துதான் என் கையைக் கட்டியிருக்கிறாள்.

"அம்மா? தெரியாட்டிச் சொல்லுங்கோ" என்றாள் மகள்.

தெரியாது என்று சொல்லலாம். பூசணிக்காய்ப் பொய் தப்பும், குசினி போகும். அல்லது வெறும் கல்லு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு எள்ளாக நடந்து, கொளுக்கி தேடி, பரந்தனில் வழி தவறி, மழையிலும் நின்று, இப்போதுதான் இந்த நரம்பு யாழ்ப்பாணத்தில் இறங்கியிருக்கிறது. இறங்கின முதல் நாளே அதைப் பொய்யாக்குவதா? நான் பொய் சொல்வேன், அது என் பழக்கம். நரம்பு பாவம், முடிச்சில் இருந்த இரண்டு காதையும் விடாமல் சரியாக எண்ணிச் சொல்லிவிட்டது.

"புடலங்காய்க்குக் கட்டுற கல்லு" என்றேன். "சேலைக் கரை நாடா. முடிச்சு இவளின்ர. ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் நான் களவெடுத்தது."

"அப்ப பூசணிக்காய்?" மகளின் குரல் எங்கோ மேலே போனது.

"அந்தக் கிழமை எங்கட வீட்டில பூசணிக்காயே இருக்கேல்லை. அதைக்கூட நீ கவனிக்கேல்லை. பிறகென்ன உனக்குக் குசினி?"

பேத்தி விழுந்து சிரித்தாள். கதிரையின் காலில் அவளுடைய தலை இடிபட்ட சத்தம் கேட்டது. நான் கட்டை அவிழ்த்தேன். பந்தல்காரி என் முன்னால் குந்தியிருந்தாள், கண் இரண்டும் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏனடி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். வெரலே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"எல்லாம் சரி. என்ர காய் எங்க?"

"ஒங்க காயா? அத நீங்கதானக்கா தின்னீங்க, ஆஸ்பத்திரியில."

சாப்பிட்டதும், உப்புக் காணாது என்று குறை சொன்னதும் ஞாபகம் வந்தது. மகளுக்கும் வந்திருக்க வேண்டும், அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். நடந்ததை அவளே பந்தல்காரிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"உப்பா?" என்றாள் பந்தல்காரி. "தகரத்துல இருந்த ரத்தத்தக் கழுவிட்டு வந்து சமைச்சேன். அந்த நெலமையில உப்ப யாரு பாத்தா? அக்காவுக்கு ஆச வந்து கைய விட்ட காயி, போய்ச் சேரட்டும்னு அனுப்பினேன்."

எழும்பிக் குசினிக்குள் போனேன். மகள் தடுக்கவில்லை. தாச்சிச் சட்டியில் வறுத்த மா இருந்தது. கொதிதண்ணீரை விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, சூடு ஆறும் முன்பே கையை வைத்தேன். சுட்டது. சுடுகிறது என்று கத்தினேன். மூன்று பேரும் ஓடிவந்தார்கள்.

"சுடுகுது! நல்லாச் சுடுகுது!" என்று எல்லோருக்கும் கையைக் காட்டினேன்.

மா விரலுக்குள் உருண்டது. முதலில் வெறும் மணலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஒட்டவில்லை, உதிரவும் இல்லை. ஒரு சொட்டும் இனிக் கூடாது என்று நடுவிரல் சொன்னது. பெருவிரல் சொல்ல வேண்டியதைத்தான் அது சொன்னது, அந்த வழி இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. யார் சொன்னால் என்ன, சரியாகச் சொன்னது. ஓலை நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கியதும் பந்தல்காரி முதல் பிடியை வாயில் போட்டாள்.

"உப்புக் காணாதுக்கா" என்றாள்.

அடுத்த நாள் காலையில் ஒருவரும் பார்க்காத நேரம் வேலிக்குப் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த இடைவெளியை அன்றைக்குத்தான் கிட்டப் பார்த்தேன். இரண்டு தகரத்தின் விளிம்பும் உள்ளே மடித்து அடிக்கப்பட்டிருந்தன. மடிப்பின் மேலே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டியிருந்தது. டியூப் வெயிலில் நன்றாக வெளுத்திருந்தது. இப்போது போட்டதல்ல, ஆடியில் போட்டது. என் கை தையலோடு மடியில் கிடந்த நாட்களில், திரும்பவும் இந்தக் கை இங்கே வரும் என்று ஒருத்தி நம்பியிருக்கிறாள்.

கையை உள்ளே விட்டேன். டியூப் மெதுமெதுவென்று மணிக்கட்டில் உரசியது. அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். தடவினேன். இலை, கொடி, எதையோ பிடித்து இறுகிய ஒரு சுருள். அதற்குக் கீழே விரல் தடிப்பில் ஒரு பிஞ்சு, நுனியில் ஒன்றும் இல்லை. மடியில் இருந்த அவளுடைய கல்லை எடுத்து, நாடாவைப் பிஞ்சில் சுற்றி, ஒரு கையாலேயே முடிச்சுப் போட்டேன். முயல் காது வரவில்லை. ஒரு காதுதான் வந்தது. அது போதும்.

கையை எடுக்கப் போகும்போது பக்கத்தில் ஒரு முற்றின காய் தானாக வந்து விரலில் பட்டது. ஆறு மாதம் கழித்து உணர்வு வந்த விரல். பட்டதை விட்டுவிட்டு வர அதற்கு மனம் வருமா? பிடித்து முறுக்கினேன்.

நாய் குரைக்கவில்லை. அந்தப் பக்கம், கைக்கு மிகக் கிட்டத்தில் இருந்து, ஒரு குரல்தான் வந்தது.

"அக்கா, அது வெதைக்கு விட்டது. அதுக்கு இந்தாண்ட இருக்குறதப் புடுங்குங்க."